தணிகை மலையில் தொடங்கிய பாட்டு

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

இந்தப் பக்கத்தில் வந்திருக்க வேண்டியது ஒரு கவிதை. கல் உடைக்கும் பெண்களைப் பற்றி நாற்பது வரியில் நான் எழுதியது. மலர்க்குழுவிடம் கொடுப்பதற்கு முன்னால் பக்கத்து பெஞ்சு நண்பனிடம் படிக்கக் கொடுத்தேன். பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பையன். படித்தான், மடித்துத் திருப்பிக் கொடுத்தான், நல்லா இருக்குன்னு சொன்னான். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் மெதுவாக விஷயத்துக்கு வந்தான். அவன் அம்மா பல வருஷம் ஜல்லி உடைத்தவராம். என் கவிதையில் அந்தப் பெண் வெறும் கையால் கல்லைப் பிடிக்கிறாள். அவன் அம்மாவோ பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டுதான் உட்காருவாராம். என் கவிதையில் அவள் கண்ணீர் சிந்துகிறாள். அங்கே அழுவதற்கெல்லாம் நேரம் கிடையாதாம், சில்லு தெறிக்கிறதா என்று பார்க்கத்தான் கண்ணாம். இதை அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கவிதையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. எங்கள் தெருக்கோடியில் வயதான நாதஸ்வரக்காரர் ஒருவர் இருக்கிறார், தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் போய்ப் புலம்பினேன். கேட்டுவிட்டு அவர் எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நம்ம மலைப்படியில் நின்று முதல் பாட்டைப் பாடினவர் யார்னு தெரியுமாடா என்று கேட்டார். அருணகிரிநாதர் என்றேன். அவர் பாடினது நிஜம், ஆனா அது அவருக்கு முதல் பாட்டு இல்லை என்றார். பிறகு ஆரம்பித்ததுதான் முத்துசுவாமி தீட்சிதர் கதை. அதற்கப்புறம் நூலகத்தில் கிடைத்த புத்தகங்களையும் புரட்டினேன். சங்கீதம் எனக்குத் தெரியாது, சினிமாப் பாட்டோடு சரி. அதனால் ராகத்தைப் பற்றி நான் எழுதுவதைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அந்த மனுஷன் எங்கெங்கே போனார், எதைப் பார்த்துவிட்டுப் பாடினார் என்பதில்தான் ஆசை.

அவர் பிறந்தது திருவாரூரில். மன்மத வருஷம், பங்குனி மாதம், கிருத்திகை நட்சத்திரம். ஆங்கிலக் கணக்கில் 1776 மார்ச் (1775 என்று அச்சிட்ட புத்தகங்களும் உண்டு). தியாகராஜர், சியாமா சாஸ்திரி இரண்டு பேரும் அதே ஊரில், சில வருஷங்களுக்கு முன்னால் பிறந்தவர்கள். அப்பா ராமசுவாமி தீட்சிதர் பெரிய வித்வான். ஹம்சத்வனி ராகத்தைக் கண்டுபிடித்தவரே அவர்தான். கல்யாண வீடுகளில் நாதஸ்வரத்தில் வாதாபி கணபதி கேட்டிருப்பீர்களே, அது அப்பாவின் ராகத்தில் மகன் செய்த பாட்டு. ரொம்ப நாள் குழந்தை இல்லாமல் வைத்தீஸ்வரன் கோயிலில் வேண்டிக்கொண்டு பிறந்ததால், அங்கிருக்கும் முருகனான முத்துக்குமாரசுவாமியின் பெயரை வைத்தார்கள். கிருத்திகையில் பிறந்து, முருகன் பேர் வைத்து, கடைசியில் முருகன் மலையிலேயே வாய் திறந்தார். இதைக் கேட்டால் எங்க ஊர்க்காரங்களுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

குடும்பம் பிறகு சென்னைக்குப் பக்கத்தில் மணலிக்கு வந்துவிட்டது. மணலி முத்துகிருஷ்ண முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷாக இருந்த செல்வர், அவர்தான் ஆதரித்தார். அவருக்குப் பிறகு அவர் மகனும் கைவிடவில்லை. வெள்ளைக்காரர்களோடு பழக்கம் இருந்ததால் இந்தச் சகோதரர்களுக்குப் புனித ஜார்ஜ் கோட்டையில் வாசித்த இங்கிலீஷ் பேண்டைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. சாஸ்திரோக்தமான வீட்டுப் பிள்ளைகள், காதைப் பொத்திக்கொண்டு வந்திருக்கலாம். நடந்தது வேறு. தம்பி பாலுசுவாமி ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டார். இன்றைக்கு வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி உண்டா? அதற்கு ஆரம்பம் போட்டவர்களில் அவர் முக்கியமானவர். அண்ணன் முத்துசுவாமியோ கேட்ட அந்த மெட்டுக்களுக்கு சமஸ்கிருதத்தில் சாமி பாட்டாக வார்த்தை போட்டார். நோட்டுஸ்வர சாகித்தியம் என்று அதற்குப் பேர், நாற்பது பாட்டுக்குப் பக்கம் இருக்கிறது. அதில் ஒன்று பிரிட்டிஷ் ராஜ வாழ்த்தின் மெட்டு! ராஜாவை வாழ்த்துகிற மெட்டில் ராஜாவையே எடுத்துவிட்டு அம்மனை உட்கார வைத்துவிட்டார். இதைப் படித்தபோது நூலகத்தில் தனியாகச் சிரித்துவிட்டேன், நூலகர் முறைத்தார்.

அந்தச் சமயத்தில் சிதம்பரநாத யோகி என்ற துறவி மணலிக்கு வந்தார். காசிக்குப் போகிற வழி. பையனைக் கூட அனுப்பும்படி கேட்டார். பெற்றவருக்கு அனுப்ப மனமில்லை, முதலியார் எடுத்துச் சொல்லித்தான் சம்மதித்தார் என்கிறார்கள். இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். நம்ம நாட்டில் முதன்முதலில் பயணிகள் ரயில் ஓடினது 1853-ல். சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா பக்கம் ரயில் விட்டது 1856-ல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னால், மணலியிலிருந்து காசி! நடை, மாட்டு வண்டி, ஆறு வந்தால் படகு. ஐ.வி. போவதற்கு நாம் ரிசர்வேஷன் கிடைக்கவில்லை என்று எத்தனை சண்டை போட்டோம்...

காசியில் சில ஆண்டுகள் யோகியோடு இருந்தார். மந்திர சாஸ்திரம், வேதாந்தம் படித்தார். வடநாட்டு சங்கீதத்தைக் காது நிறையக் கேட்டார். பின்னாளில் யமுனா கல்யாணி, ஹமீர் கல்யாணி, த்விஜாவந்தி போன்ற ராகங்களில் அவர் பாட்டுச் செய்தபோது அந்தக் காற்று அதில் வீசுகிறது என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். த்ருபத் என்ற வடநாட்டுப் பாணியின் நிதானம் அவர் பாட்டின் நடையிலேயே இருக்கிறதாம். நாதஸ்வர தாத்தா இதை எனக்கு வாயாலேயே பாடிக் காட்டினார். பாதி புரிந்தது. யோகி ஒருநாள் கங்கையில் இறங்கிக் கையை விடச் சொன்னார், வீணை ஒன்று கைக்கு வந்தது, அதற்குப் பிறகு யோகி சமாதி அடைந்தார் என்பது பரம்பரைக் கதை. கங்கை கொடுத்ததோ, குரு கொடுத்ததோ, வீணையோடுதான் ஊர் திரும்பினார்.

ஊர் திரும்பியும் உடனே பாட்டு எழுதவில்லை. இதை நான் இரண்டு தடவை படித்தேன். பெரிய வித்வானுடைய மகன், வீணை கைவந்தவர், காசி வரை போய் வந்தவர், கோட்டை பேண்ட் முதல் கங்கைக்கரை த்ருபத் வரை கேட்டவர். நானாக இருந்தால் ரெண்டு நோட்டு நிரப்பியிருப்பேன். அவர் மணலியிலிருந்து கிளம்பித் திருத்தணிக்கு வந்தார்.

நம் மாணவர்களில் வெளியூர்க்காரர்களுக்காக மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆறுபடை வீட்டில் ஐந்தாவது. சூரனோடும் பிறகு வள்ளிக்காக வேடர்களோடும் போட்ட சண்டைக் கோபம் தணிந்த இடம், அதனால் தணிகை. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி, 365. டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூஜை போட்டுக்கொண்டே ஏறுவார்கள். ஆடிக் கிருத்திகைக்கு வரும் காவடிக் கூட்டத்தில் அரோகரா சத்தம் பாதி தமிழ், பாதி தெலுங்கு. ஊர் 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்ததுதானே. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடி மீட்டுக் கொடுத்தார்கள். மேலே சந்நிதிக்கு எதிரே இருக்கிற யானை சாமியைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்த்து நிற்கும். இந்திரன் கொடுத்த ஐராவதம், தேவலோகத்து ஞாபகத்தில் கிழக்கே பார்க்கிறது என்று எங்க வீட்டில் சொல்வார்கள்.

இந்த மலைக்கு வந்து தீட்சிதர் சில நாள் தியானத்தில் இருந்தார். ஒருநாள் பெரியவர் ஒருவர் வந்து வாயைத் திறக்கச் சொல்லி, கற்கண்டைப் போட்டுவிட்டு மறைந்தார். வந்தது முருகன். வாயில் இனிப்போடு முதல் பாட்டு வந்தது. கதை இவ்வளவுதான். நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஆனால் இதில் சந்தேகம் இல்லாத விஷயம் ஒன்று உண்டு. இங்கே தொடங்கிய முதல் பாட்டு ஸ்ரீநாதாதி என்பது, ராகம் மாயாமாளவகௌளை. பாட்டு கற்றுக்கொள்ளும் சின்னப் பிள்ளைகள் ச-ரி-க-ம என்று முதல் நாள் கத்துகிற அதே ராகம். எத்தனையோ அபூர்வ ராகம் கற்றவர், ஆரம்பப் பள்ளிக்கூட ராகத்தில் போய் உட்கார்ந்தார். சமஸ்கிருதத்தில் எட்டு வேற்றுமை உண்டல்லவா, வேற்றுமைக்கு ஒன்றாக எட்டுப் பாட்டு, எல்லாம் குருவைப் பற்றி. அன்றைக்கு எடுத்துக்கொண்ட குருகுஹ என்ற முத்திரையைக் கடைசிவரை விடவில்லை. அவருடைய பாட்டில் அந்த முத்திரை இருக்கும், பல பாட்டில் ராகத்தின் பெயரும் பொருளோடு பொருளாக ஒளிந்திருக்கும், எந்தத் தலம் என்பதும் இருக்கும். நம்ம டிராயிங் ஷீட்டில் வலது மூலையில் டைட்டில் பிளாக் போடுகிறோமே, அது மாதிரி. யார் போட்டது, என்ன வரைபடம், எந்த ஸ்கேல் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

திருத்தணிக்கு அப்புறம் அவர் கால் நிற்கவேயில்லை. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, சிதம்பரம், மாயவரம், வைத்தீஸ்வரன் கோயில், திருவானைக்காவல், ஸ்ரீரங்கம் என்று ஊர் ஊராகப் போனார். போன இடத்தில் பாடினார். இப்படி 450-க்கு மேல் பாட்டு இன்றைக்கு அவர் பேரில் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து ஸ்தல புராணத்தைப் படித்தும் பாடியிருக்கலாம்தான். அப்படிப் பாடினவர்களும் உண்டு. தீட்சிதர் பாட்டில் சாமி பேரோடு அந்த ஊரின் தீர்த்தம், தல விருட்சம், சாமி எப்படி நிற்கிறார், என்ன உற்சவம் என்பதெல்லாம் வந்து விழும். பஞ்சபூதத் தலங்கள் ஐந்துக்கும் தனித்தனியாகச் செய்திருக்கிறார். திருவானைக்காவலில் தண்ணீர் லிங்கம். அங்கே பாடின ஜம்பூபதே பாட்டை யமுனா கல்யாணியில் வைத்தார். தண்ணீர்த் தலத்துக்கு ஆற்றின் பெயர் கொண்ட ராகம். தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

கீவளூர் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. திருவாரூருக்குப் பக்கத்து ஊர். தீட்சிதர் போய்ச் சேர்ந்தபோது குருக்கள் நடையைச் சாத்திக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டதற்கு, சாமி எங்கே ஓடியா போய்விடும், நாளைக்கு வாருங்கள் என்று பூட்டிவிட்டார். கவர்மெண்ட் ஆபீஸ் ஜன்னல் மாதிரி! தீட்சிதர் சண்டை போடவில்லை. மூடின கதவுக்கு முன்னால் உட்கார்ந்து அட்சயலிங்க விபோ என்று சங்கராபரணத்தில் நிதானமாகப் பாடினார். முடிக்கும்போது கதவு தானாகத் திறந்தது, குருக்கள் காலில் விழுந்தார் என்பார்கள். கதவை விடுங்கள். அந்தப் பாட்டில் அந்த ஊரின் இலந்தை வனம் இருக்கிறது. சாமியைப் பார்க்க விடாமல் வெளியே நிறுத்தப்பட்டவர், வெளியே நின்ற இடத்தின் மரத்தையும் பாட்டில் சேர்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

திருவாரூரில்தான் அதிக காலம் தங்கினார். அங்கே கமலாம்பாள் மேல் செய்த நவாவரணப் பாட்டுக்களை இன்றைக்கும் நவராத்திரிக்கு நாளுக்கு ஒன்றாகப் பாடுகிறார்கள். தஞ்சாவூர் நால்வர் என்று பெயர் வாங்கிய பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு அவரிடம் படித்தவர்கள். ஆனால் என்னை நிறுத்தியது இன்னொரு சிஷ்யர், தம்பியப்பன். கோயிலில் சுத்த மத்தளம் வாசிப்பவர். தீராத வயிற்று வலி. ஜாதகத்தில் குரு சரியில்லை என்று தெரிந்தது. கிரக தோஷத்துக்கு ஜபம், ஹோமம் என்று செய்வார்கள், அந்தக் காலக் கட்டுப்பாட்டில் மத்தளம் வாசிக்கிறவருக்கு அந்த மந்திரங்களைச் சொல்லிக் கொடுக்க முடியாது. தீட்சிதர் என்ன செய்தார் தெரியுமா? பிருஹஸ்பதி மேல் அடாணா ராகத்தில் ஒரு பாட்டைச் செய்து, இதைப் பாடு என்று கொடுத்துவிட்டார். மந்திரத்துக்குப் பூட்டு உண்டு, பாட்டுக்குப் பூட்டு இல்லையே. வலி தீர்ந்தது என்பது வழிவழிச் செய்தி. மற்ற கிரகங்களுக்கும் பாட்டுச் செய்ய அதுவே தொடக்கம் ஆனது. நவக்கிரகக் கீர்த்தனை என்று கச்சேரியில் கம்பீரமாகக் கேட்கிறோமே, அதன் அடியில் ஒரு மத்தளக்காரரின் வயிற்று வலி கிடக்கிறது.

வறுமையும் இருந்தது. பக்கத்திலேயே தஞ்சாவூர் அரண்மனை, கலைஞர்களுக்கு அள்ளிக் கொடுத்த இடம். அவர் அந்தப் பக்கம் கையேந்தவில்லை. ஒருமுறை வீட்டில் அடுப்பு மூட்ட ஒன்றும் இல்லாத நாளில், கமலம் என்ற நாட்டியக்கார சிஷ்யை தன் தங்க வளையலைக் கழற்றி விற்கக் கொடுத்தாளாம். வேண்டாம் என்று சொல்லி லலிதா ராகத்தில் லட்சுமியைப் பாடினார். மனிதர்களை அண்டிப் பிழைப்பதை விட்டேன் என்ற கருத்து அதில் இருக்கிறது. அன்றைக்கே யாரோ அதிகாரிக்கென்று சேர்த்து வைத்திருந்த மளிகைச் சாமான் இவர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததாகக் கதை. பசித்த நாளில் பசியைப் பற்றிப் பாடியிருக்கலாமே, ஏன் லட்சுமியைப் பாடினார் என்று தாத்தாவிடம் கேட்டேன். பசிச்சவன் வேறே யாரை நினைப்பான் என்று திருப்பிக் கேட்டார்.

நம்மில் சிலர் கேட்பீர்கள்: எல்லாம் சமஸ்கிருதமாச்சே, தமிழ் மலையில் நின்றுகொண்டு அவர் ஏன் தமிழில் பாடவில்லை? நானும் கேட்டேன். மாயவரத்து அபயாம்பாள் மேல் சமஸ்கிருதம், தெலுங்கு, தமிழ் மூன்றும் கலந்து ஒரு பாட்டு செய்திருக்கிறார் என்பது தவிர இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வருத்தம் வருத்தம்தான். அவருக்கு முன்னூறு வருஷத்துக்கு மேல் முன்னால், 15-ம் நூற்றாண்டில், அருணகிரிநாதர் இதே மலைக்கு நடந்து வந்து தமிழில் திருப்புகழாகக் கொட்டியிருக்கிறார் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

இன்னொருவர் கதை என் கணக்கையே குழப்பிவிட்டது. வள்ளலார் (1823-1874). சிறுவயதில் சென்னையில், வீட்டு அறையில் சுவரில் கண்ணாடியை வைத்து விளக்கேற்றி உட்கார்ந்திருந்தார். அந்தக் கண்ணாடியில் தணிகை முருகன் தெரிந்தார் என்று அவர் வரலாற்றில் இருக்கிறது. திருவருட்பாவில் தணிகையைப் பற்றி எத்தனை பாட்டு! படி ஏறாமல், பஸ் பிடிக்காமல், அறையிலேயே உட்கார்ந்து கண்டுவிட்டார். அப்படியானால் நேரில் போவது அவசியமே இல்லையா? ரெண்டு நாள் யோசித்தேன். கண்ணாடியில் முருகன் தெரிகிற அளவுக்கு உட்காருவது, காசிக்கு நடப்பதைவிடக் கஷ்டம் என்றுதான் எனக்குப் படுகிறது. என்னால் பத்து நிமிஷம் உட்கார முடியாது. எனக்கு நடைதான்.

தீட்சிதரின் கடைசி நடை தெற்கே. தம்பி சின்னசுவாமி இறந்துவிட்டார். இன்னொரு தம்பி பாலுசுவாமி எட்டயபுரம் அரண்மனையில் வித்வானாக இருப்பது தெரிந்து, மதுரை வழியாக அவரைத் தேடிப் போனார். சாத்தூரைத் தாண்டிய கரிசல் காடு. மழை இல்லாமல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காவிரிக்கரையில் வளர்ந்தவர் அதைப் பார்த்துத் தாங்க முடியாமல் அமிர்தவர்ஷிணி ராகத்தில் ஆனந்தாமிருதாகர்ஷிணி என்று அம்பாளைப் பாடினார். மழை கொட்டியது, நிற்காமல் கொட்டியதால் போதும் என்றும் பாட வேண்டியிருந்தது என்பார்கள். மழையைப் பற்றி நம் போன வருஷ மலரிலேயே ஏழு கவிதை வந்தது (ஒன்று என்னுடையது). காய்ந்த நிலத்தில் நின்று எழுதினது எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை.

1835 அக்டோபர் 21, தீபாவளி. எட்டயபுரத்தில் சிஷ்யர்களைப் பாடச் சொன்னார். கமகக்கிரியா ராகத்தில் மதுரை மீனாட்சி மேல் அவரே செய்த பாட்டு. அதைக் கேட்டுக்கொண்டே உயிர் பிரிந்தது. சமாதி அந்த ஊரிலேயே இருக்கிறது. 47 வருஷம் கழித்து, 1882-ல், அதே எட்டயபுரத்தில் பாரதி பிறந்தான். அவனும் இளவயதில் காசிக்குப் போய் நாலு வருஷம் இருந்து வந்தவன்தான்.

தீட்சிதர் தன் பாட்டு எதையும் அச்சில் பார்த்ததில்லை. தம்பி பாலுசுவாமியின் மகள் வழிப் பேரன் சுப்பராம தீட்சிதர். தாத்தாவே அவரைத் தத்து எடுத்து வளர்த்தார். அவர் பலவற்றை ஸ்வரத்தோடு எழுதி, 1904-ல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற பெரிய நூலாக எட்டயபுரத்திலேயே அச்சிட்டார். தமிழ்நாட்டின் தெற்குக் கோடியில், தெலுங்கு எழுத்தில்! எல்லைச் சண்டை பார்த்த எங்க ஊர்க்காரர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ.

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சரவணப் பொய்கைப் பக்கமிருந்து படி ஏறினேன். பிறந்ததிலிருந்து ஏறுகிற படி. வழக்கமாக ஒரே மூச்சில் ஓடி ஏறி, யார் ஃபர்ஸ்ட் என்று பந்தயம் வைப்போம். அன்றைக்கு மெதுவாக ஏறினேன். படியோரம் பூ விற்கிற அம்மா தமிழில் விலை சொல்லித் தெலுங்கில் சில்லறை எண்ணினார். மொட்டை போட்ட குழந்தை ஒன்று தன் தலையைத் தானே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் எண்ணிக்கை தவறிவிட்டது. மேலே போய் யானைக்குப் பக்கத்தில் நின்று அது பார்க்கிற பக்கமே பார்த்தேன்.

கல் கவிதையை நான் கிழிக்கவில்லை, நோட்டில் இருக்கிறது. நண்பனிடம் கேட்டேன். அம்மா இப்போது கல்லுக்குப் போவதில்லையாம், முதுகு வலி. சுத்தியல் மட்டும் வீட்டில் கிடக்கிறதாம். செமஸ்டர் முடிந்ததும் ஒருநாள் வாடா என்றான். டியூபை எப்படிச் சுற்றுவதென்று அம்மாவே காட்டுவார்களாம்.